ஆர்க்கிட்டும் அடுப்பு வீடும் கரிசக்காட்டுக் காத்தும்

புதுசா ஆர்க்கிட் வாங்கினவங்க யாரைக் கேட்டாலும் கதை ஒண்ணுதான். பூவோட வாங்கிட்டு வந்தாங்க, ஹால்ல டீவி பக்கத்துல வச்சாங்க, பாசமா தினமும் தண்ணி ஊத்தினாங்க. பத்து நாள்ல மொட்டு உதிர்ந்துச்சு, ஒரு மாசத்துல இலை தொங்கிப்போச்சு, தொட்டியைக் கவுத்துப் பாத்தா வேர் கூழாகிக் கிடக்கு. எங்க டீம்ல மட்டும் நாலு பேர் இந்தக் கதையைச் சொல்லியிருக்காங்க. ஒருத்தர் ஏசி போட்டு வச்சிருந்தார். இன்னொருத்தர் தொட்டியில செம்மண் நிரப்பி வச்சிருந்தார்.

இவங்க யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. உலகத்துலயே தோட்டக்கலையில கெட்டிக்காரங்கன்னு பேர் வாங்கின இங்கிலாந்துக்காரங்க, கையில காசும் கண்ணாடி வீடும் நிலக்கரியும் வேலையாட்களும் வச்சுக்கிட்டு, அரை நூற்றாண்டுக்கு மேல இதே வேலையைப் பண்ணியிருக்காங்க. வெப்பமண்டல ஆர்க்கிட்களின் சமாதின்னே இங்கிலாந்துக்குப் பேர் இருந்துச்சு. இந்த வரலாற்றைப் படிக்க ஆரம்பிச்சதும் ஆபீஸ்ல ஆணி எதுவும் ஓடலை. அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க மக்களே.

முதல்ல கொஞ்சம் பழைய கதை. 1731-ல் பஹாமாஸ் பக்கமிருந்து பீட்டர் காலின்சன் என்ற லண்டன் வியாபாரிக்கு ஒரு காய்ஞ்ச செடி வந்து சேருது. கிழங்குல உயிர் இருக்கும் போலிருக்கேன்னு மண்ணுல வச்சாங்க. அடுத்த வருஷம் பூத்துருச்சு. இங்கிலாந்துல பூத்த முதல் வெப்பமண்டல ஆர்க்கிட்னு இதைத்தான் சொல்றாங்க. அது தரையில வளர்ற ஜாதி, அதனால மண்ணுல பிழைச்சது. மரத்து மேல வளர்ற ஜாதி ஒண்ணு க்யூ தோட்டத்துல பூக்க 1787 ஆச்சு.

சிக்கல் அந்த மரத்து மேல வளர்ற ஜாதியிலதான் ஆரம்பம். கப்பல்ல வந்து இறங்கின செடிகளை என்ன பண்றதுன்னு யாருக்கும் புரியலை. இதுங்க மரத்துல ஒட்டிக்கிட்டு இருக்கறதைப் பாத்து "ஒட்டுண்ணி"ன்னு முடிவு பண்ணிட்டாங்க. நம்ம ஊர்லயும் மரத்துல எது ஒட்டிக்கிட்டு இருந்தாலும் புல்லுருவின்னுதானே சொல்லுவோம்? புல்லுருவி மரத்துக்குள்ள வேரை விட்டு அதோட சாறை உறிஞ்சும். ஆர்க்கிட் மரத்தை உட்கார இடமா மட்டும்தான் வச்சிருக்கு. சாப்பாடெல்லாம் மழைத்தண்ணி, காத்துல வர்ற தூசி, மக்கிப்போன இலை. வேடிக்கை என்னன்னா, "வாண்டா"ங்கிற பேரே சமஸ்கிருதத்துல புல்லுருவி மாதிரி ஒட்டி வளர்ற செடிகளுக்குச் சொல்ற பேர்தான். கல்கத்தாவுல நீதிபதியா இருந்த வில்லியம் ஜோன்ஸ் எழுதின குறிப்புல (1795-ல் அச்சானது) அந்தப் பேரை எடுத்து வச்சார். 1820-ல் ராபர்ட் பிரவுன் அதையே பேரினத்துக்குப் பேராக்கினார். பிரவுன் அப்ப எழுதின செடி வாண்டா ராக்ஸ்பர்கி. இன்னைக்கு வாண்டா டெஸ்ஸெல்லாட்டா. அந்தச் செடி பத்திக் கடைசியில வர்றேன், ஞாபகம் வச்சுக்குங்க.

சரி, "அடுப்பு வீடு"க்கு வருவோம். அன்னைக்கு இங்கிலாந்துல சூடான நாட்டுச் செடிகளை வைக்கிற கண்ணாடிக் கூடத்துக்குப் பேரே "ஸ்டவ்". பேருக்கேத்த மாதிரி சுவருக்குள்ள புகைக்குழாய் ஓடும். தரையில தோல் பதனிடுற மரப்பட்டைத் தூளைக் கொட்டிக் குவிச்சிருப்பாங்க, அது புளிச்சுச் சூடு கிளப்பும். கதவு ஜன்னல் எதையும் திறக்கிறதில்லை. திறந்தா சூடு போயிரும், நிலக்கரி வீண். தினமும் தண்ணி தெளிச்சுத் தெளிச்சு உள்ள ஒரே புழுக்கம். ஹாக்னியில லாடிஜஸ் குடும்பம் நடத்தின பெரிய நர்சரியும் இப்படித்தான் வளர்த்துச்சு. செடிகள் சில வருஷம் தாக்குப்பிடிச்சுட்டுச் செத்துப்போகும். அடுத்த கப்பல்ல வேற வரும்.

இதுக்கெல்லாம் காரணம் மனசுல இருந்த ஒரு படம்தான். "வெப்பமண்டலம்"னா ஒரே இருட்டுக் காடு, சகதி, ஆவி, வேர்வை. இந்தியான்னாலும் சரி பிரேசில்னாலும் சரி, அதே படம். செடி எந்த மலையில, எத்தனை அடி உயரத்துல, எந்தப் பக்கம் பாத்த கிளையில இருந்துச்சுன்னு சேகரிச்சவங்க எழுதி அனுப்பறதில்லை. அனுப்பினாலும் யாரும் படிக்கறதில்லை. ஆர்க்கிட் அறிவியலுக்கே அப்பா மாதிரியான ஜான் லிண்ட்லியே 1830-ல் தோட்டக்கலைச் சங்கத்துல படிச்ச கட்டுரையில நல்ல சூடு, ஈரம், நிழல்னுதான் சிபாரிசு பண்ணினார். அவர் சொல்லிட்டா அப்பீல் ஏது? நாடு முழுக்க அதையே பின்பற்றி செடிகளை வேக வச்சாங்க.

லிண்ட்லிக்கு ஒரு விஷயத்துல சலாம் போடணும். சில வருஷத்துலயே, மலை உச்சியில குளிர்ல ஆர்க்கிட் வளருதுன்னு சேகரிப்பாளர்கள் எழுதின தகவலை அவரே அச்சுல கொண்டு வந்தார். ஜோசப் கூப்பர்னு ஒரு தோட்டக்காரர், பெரிய படிப்பெல்லாம் கிடையாது, வென்ட்வர்த்ல ஃபிட்ஸ்வில்லியம் பிரபு வீட்டுல வேலை. அவர் சூட்டைக் குறைச்சுக் காத்தோட்டமா வச்சே பிரமாதமா வளர்த்துக் காட்டினார். சாட்ஸ்வர்த்ல டெவன்ஷயர் கோமகனோட தலைமைத் தோட்டக்காரர் ஜோசப் பாக்ஸ்டன் அதைப் பிடிச்சுக்கிட்டார். (பின்னால 1851 கண்காட்சிக்கு கிரிஸ்டல் பேலஸ் கட்டினாரே, அதே பாக்ஸ்டன்.) அவர் செஞ்சது எளிமையான வேலை. ஒரே அடுப்புல எல்லாத்தையும் போடாம, செடி எங்கேயிருந்து வந்துச்சோ அதுக்கேத்தபடி வேற வேற சூட்டுல தனித்தனி வீடு. ஜன்னலைத் திறந்து காத்து விட்டார். செடி மேலயே தண்ணி ஊத்திக்கிட்டு இருக்கறதுக்குப் பதிலா, தரையிலயும் நடைபாதையிலயும் தண்ணி தெளிச்சு, அது ஆவியாகிக் காத்தை ஈரமாக்கற மாதிரி பண்ணினார்.

தரையில தண்ணி தெளிக்கிறது. இதையும் ஞாபகம் வச்சுக்குங்க.

இதே சாட்ஸ்வர்த்துக்கு இந்தியாவுலயும் பங்கு உண்டு. கோமகன் 1833-ல் லண்டன் கண்காட்சி ஒண்ணுல வண்ணத்துப்பூச்சி மாதிரியான ஒரு ஆர்க்கிட்டைப் பாத்துப் பைத்தியமாயிட்டார். 1835-ல் ஜான் கிப்சன்னு ஒரு இளம் தோட்டக்காரரைக் கப்பலேத்தி கல்கத்தாவுக்கு அனுப்பினார். கல்கத்தா தாவரவியல் தோட்டத்துல அப்ப நதேனியல் வாலிக். அங்கேயிருந்து கிப்சன் காஸி மலைக்குப் போய் (வாரணாசி இல்லீங்க, இன்னைக்கு மேகாலயாவுல இருக்கிற காஸி மலை) மூட்டை மூட்டையா ஆர்க்கிட் எடுத்துக்கிட்டு 1837-ல் ஊர் திரும்பினார். அதுல நிறைய உயிரோட போய்ச் சேர்ந்ததுக்குக் காரணம் ஒரு கண்ணாடிப் பெட்டி.

அந்தப் பெட்டிக்கதை தனிப்பதிவா போடலாம், சுருக்கமா சொல்றேன். நதேனியல் வார்ட்னு லண்டன் டாக்டர் ஒருத்தர். 1829-ல் அந்துப்பூச்சிக் கூட்டுப்புழு ஒண்ணை ஈர மண்ணோட ஜாடியில போட்டு மூடி வச்சார். பூச்சி என்ன ஆச்சோ, மண்ணுல இருந்து ஒரு பெரணியும் புல்லும் முளைச்சு, யாரும் தண்ணி ஊத்தாமலே வளர்ந்துச்சு. லண்டன் நிலக்கரிப் புகையில அவர் தோட்டத்துப் பெரணியெல்லாம் செத்துக்கிட்டு இருந்த நேரம் அது. 1833-ல் ரெண்டு பெட்டியில செடி வச்சு சிட்னிக்குக் கப்பல்ல அனுப்பிப் பாத்தார், உயிரோட போய்ச் சேர்ந்துச்சு. அதுக்கப்புறம் தேயிலை, சின்கோனா, ரப்பர்னு உலகத்துப் பயிர்களெல்லாம் இடம் மாறினதுல வார்டு பெட்டிக்குப் பெரிய பங்கு. ஆனா அது பயணத்துக்கான பெட்டி. போய் இறங்கின வீட்டுல செடியை எப்படிப் பழக்கறதுங்கிற கேள்விக்கு அதுல பதில் இல்லை.

அந்தக் கேள்விக்குப் பதில் எழுதினவர்கள்ல எனக்குப் பிடிச்சவர் ஜோசப் டால்டன் ஹூக்கர். 1850-ல் தாமஸ் தாம்சனோட காஸி மலையில சுத்திக்கிட்டு இருந்தார். நீல வாண்டா (வாண்டா செருலியா) பூத்துக் கிடக்கிற ஓக் மரத் தோப்பு ஒண்ணைப் பாத்தார். அடர்ந்த காடெல்லாம் இல்லை. புல்வெளி மேடு, அங்கங்கே முறுக்கின ஓக் மரங்கள். வெயில், காத்து, பனிக்காலக் குளிர் எல்லாம் நேரடியா அடிக்கிற இடம். அந்தச் செடி இங்கிலாந்துல புழுக்கத்துல வச்சு வேக வைக்கப்படுதே, இங்கே நிலைமை நேர்மாறா இருக்கேன்னு தன் பயணக் குறிப்புல எழுதி வச்சார்.

இவ்வளவு தெளிவாப் பாத்தவர் என்ன பண்ணினார்? க்யூ தோட்டத்துக்காக ஏழு ஆள் சுமக்கிற அளவு நீல வாண்டாவைப் பறிச்சு அனுப்பினார். வழியில நடந்த கோளாறுகள்ல உயிரோட போய்ச் சேர்ந்தது கொஞ்சம்தான். இடம் பாக்கறதுக்காகத் தன் தோட்டக்காரரை அவங்களோட அனுப்பின ஒரு கனவான் மட்டும் ஒரு ஆள் சுமை அனுப்பினார். அது மோசமான நிலையில போய்ச் சேர்ந்தும் 300 பவுண்டுக்கு வித்துச்சு. ஒரு செடி 3 பவுண்டுல இருந்து 10 பவுண்டு வரைக்கும். ஒழுங்கா ஒருத்தர் இறங்கி வேலை பாத்தா ஒரே பருவத்துல 2000, 3000 பவுண்டு சம்பாதிக்கலாம்னு ஹூக்கரே கணக்குப் போட்டுக் காட்டினார். இந்தப் புத்தகம் 1854-ல் அச்சுல வந்து எல்லார் கைக்கும் போச்சு. அப்புறம் காஸி மலை என்ன பாடுபட்டிருக்கும்னு நீங்களே யோசிச்சுக்குங்க. கண்ணாடிக்கு இருந்த வரி 1845-லயே எடுத்துட்டாங்க, அதனால நடுத்தர வர்க்கமும் கண்ணாடி வீடு கட்ட ஆரம்பிச்சிருந்த காலம்.

நீல வாண்டா பின்னால இந்தியாவோட வனவிலங்குச் சட்டத்துல (1972) பாதுகாக்கப்பட்ட செடிகள் பட்டியலுக்கு வந்துச்சு. 1991 திருத்தத்துல சேர்த்தாங்க. மொத்தம் ஆறே வரி இருந்த அந்தப் பட்டியல்ல இன்னொரு வரி செருப்பு ஆர்க்கிட்கள். அதுல ஒண்ணு எங்க ஊருக்குப் பக்கம்: பாஃபியோபெடிலம் ட்ரூரி. அகத்தியமலையில மட்டும் வளர்ற மஞ்சள் பூ. கர்னல் ஹீபர் ட்ரூரி 1865-ல் கண்டெடுத்தார், பெட்டோம் பேர் வச்சு வெளியிட்டார். அப்புறம் சேகரிப்பாளர்கள் அள்ளின அள்ளுல காட்டுல அழிஞ்சே போச்சுன்னு நினைக்கிற அளவுக்குப் போயிருச்சு. இன்னைக்கும் மிக ஆபத்தான நிலையில இருக்கிற செடிதான். தென்னிந்தியாவுக்குன்னே உள்ள ஒரே செருப்பு ஆர்க்கிட் இது. பொதிகைன்னா நமக்குக் குற்றாலச் சாரலும் தாமிரபரணியும்தான் ஞாபகம் வரும், இது யாருக்கும் வராது.

நம்ம பக்கம் வந்துட்டோம், அப்ப ராபர்ட் வைட்டைச் சொல்லாமப் போக முடியாது. கம்பெனி டாக்டர், 1819-ல் இந்தியா வந்தவர். 1830களின் நடுவுல பாளையங்கோட்டையில பட்டாளத்தோட இருந்தப்ப குற்றாலத்துல ஏகப்பட்ட செடி சேகரிச்சார். 1838-லிருந்து 1853 வரைக்கும் அவர் கொண்டு வந்த ஐகோனஸ் என்ற படத்தொகுப்புல இரண்டாயிரத்துக்கு மேல படங்கள். படம் வரைஞ்சவங்க ரங்கையாவும் கோவிந்துவும். வைட் ஒரு நல்ல காரியம் பண்ணினார். ஒரு ஆர்க்கிட் பேரினத்துக்கு "கோவிந்தூயா"ன்னு தன் ஓவியர் பேரையே வச்சார். பின்னால வந்தவங்க அதை ட்ரோபிடியாவோட சேர்த்துட்டாங்க, பேர் செல்லாமப் போயிருச்சு. வகைப்பாட்டியல் விதி அப்படி, யாரையும் குத்தம் சொல்ல முடியாது. ஆனா எனக்கு மனசு கேக்கலை.

இதே வைட்தான் 1842-லிருந்து கோயம்புத்தூர்ல கம்பெனியோட அமெரிக்கப் பருத்திச் சோதனைக்குப் பொறுப்பு. மிசிசிப்பிக் கரைப் பருத்தியை நம்ம மண்ணுல பழக்கணும்னு மேல இருந்து உத்தரவு. என்னதான் செஞ்சும் மானாவாரிக் கரிசல்ல நாட்டுப் பருத்தியைத் தள்ளிட்டு அதால உட்கார முடியலை. கரிசல்ல நின்னது நம்ம கருங்கண்ணிதான். கோவில்பட்டியில 1901-ல் ஆரம்பிச்ச விவசாய ஆராய்ச்சிப் பண்ணை அந்தக் கருங்கண்ணியை வச்சுத்தான் பின்னால புது ரகங்கள் எடுத்துச்சு. ஒரு செடியை இன்னொரு ஊர்ல குடியேத்தறது எவ்வளவு பெரிய தலைவலின்னு எங்க ஊர்க்காரங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லைங்கறதுக்காகச் சொன்னேன்.

இப்ப சொந்தக் கதைக்கு வர்றேன். போன வருஷம் பெங்களூர்ல இருந்து ஒரு வெள்ளை ஃபெலனாப்சிஸ் வாங்கிட்டு மைசூர்–தூத்துக்குடி எக்ஸ்பிரஸ்ல மடியில வச்சு கோவில்பட்டிக்கு எடுத்துட்டுப் போனேன். அம்மா தொட்டியைத் தூக்கிப் பாத்துட்டு முதல்ல கேட்ட கேள்வி: "ஏய்யா, இதுல மண்ணே இல்லையே. எதைத் தின்னு உசுரு வாழும்?" இருநூறு வருஷத்துக்கு முன்னாடி க்யூ தோட்டத்துல கேட்ட அதே கேள்வி. வேரைக் காட்டி விளக்கினேன். வேர் மேல வெள்ளையா இருக்கிறது பஞ்சு மாதிரி செத்த செல்கள். தண்ணி பட்ட நிமிஷமே உறிஞ்சிக்கும், உள்ள இருக்கிற பச்சை தெரியும். காய்ஞ்சா மறுபடி வெள்ளி நிறம். மழைக்கும் மழைக்கும் நடுவுல காத்துல காயறதுக்குன்னே ஆன வேர். அதை எப்பவும் ஈரத்துலயே முக்கி வச்சா மூச்சு முட்டி அழுகும்.

"அப்ப நம்ம ஊருக் காத்து இதுக்கு நல்லதுன்னு சொல்லு"ன்னாங்க. அங்கேதான் இடிக்குது.

எங்க ஊர்ல வருஷத்துக்கு மழை சுமார் 700 மில்லிமீட்டர், அதுலயும் பெரும்பாகம் ஐப்பசி கார்த்திகையில. மிச்ச நாளெல்லாம் வறண்ட காத்து. ஆனி ஆடியில மேல்காத்து அடிச்சா துணி அரைமணி நேரத்துல மொறுமொறுன்னு காயும். இந்தக் காத்தை நம்பித்தான் சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டியில தீப்பெட்டித் தொழிலே வந்துச்சு. குச்சியும் பெட்டியும் மருந்தும் காய வேண்டாமா? தீக்குச்சிக்கு வரம், ஆர்க்கிட்டுக்கு எமன். இங்கிலாந்துக்காரங்க புழுக்கத்துல கொன்னாங்க. கரிசக்காட்டுல நாம வறுத்துக் கொல்லுவோம், இல்லைன்னா காயுதேன்னு பயந்து தண்ணியை ஊத்தி அழுக வைப்போம்.

இன்னொரு விஷயம், கடையில விக்கிற செடி எந்தக் காட்டுல இருந்தும் வர்றதில்லை. ஆர்க்கிட் விதை தூசி மாதிரி. உள்ள சாப்பாடே கிடையாது, காட்டுல ஒரு பூஞ்சை வந்து ஊட்டினாத்தான் முளைக்கும். இதை 1899-ல் நோயல் பெர்னார்ட் கண்டுபிடிச்சார். 1922-ல் கார்னெல் பல்கலைக்கழகத்துல லூயிஸ் நட்சன் பூஞ்சையே இல்லாம சர்க்கரைக் கூழ்ல முளைக்க வச்சுக் காட்டினார். 1960-ல் ஜார்ஜ் மொரெல் குருத்துத் திசுவிலிருந்தே நகல் எடுக்கிற வழியைத் திறந்துவிட்டார். மலையை மொட்டையடிச்சாத்தான் ஆர்க்கிட்ங்கிற நிலைமை இதுலதான் மாறுச்சு. கல்யாண மண்டபத்து மேடையில இன்னைக்கு ஆர்க்கிட் தொங்குதுன்னா அதுவும் இந்தச் சோதனைக்குழாய் புண்ணியம். ஆனா, நம்ம கைக்கு வர்ற செடி பிறந்ததுல இருந்து பாட்டில், அப்புறம் பாலிஹவுஸ்னு சொகுசா வளர்ந்தது. எப்பவும் ஈரக்காத்து, அளந்த வெளிச்சம், அளந்த உரம். டெஸ்ட் சர்வர்ல ஜோரா ஓடின புரோக்ராமைத் திடீர்னு புரொடக்‌ஷன்ல தூக்கிப் போடற மாதிரிதான் வீட்டுக்குக் கொண்டு வர்றோம். :-)

அதனால வீட்டுல பண்ணினது இவ்வளவுதான். முதல் பத்துப் பதினஞ்சு நாள் தொட்டி மாத்தலை, உரம் போடலை. மத்த செடிகளோட சேர்க்காம தனியா வச்சு, செதில்பூச்சி, மாவுப்பூச்சி இருக்கான்னு இலைக்கு அடியில பாத்துக்கிட்டோம். பூ இருக்கற வரைக்கும் வேரைத் தொடாம இருக்கறது நல்லது. மொட்டு ரெண்டு உதிர்ந்துச்சு, இடம் மாறினா அது சகஜம். சமையல்கட்டுல வாழைத்தார் தொங்குற பக்கம் மட்டும் வைக்கக்கூடாதுன்னு அம்மாகிட்ட கறாரா சொல்லிட்டேன். பழம் பழுக்கும்போது வர்ற எத்திலீன் வாயு பூவையும் சீக்கிரம் வாட வச்சுரும்.

இடம்தான் முக்கியமான கேள்வி. அம்மா டீவி மேல வைக்கலாம்னாங்க. நான் வீடு முழுக்கச் சுத்திப் பாத்துட்டு வாசல் நடையைத் தேர்ந்தெடுத்தேன். கிழக்குப் பாத்த வாசல், காலையில எட்டரை வரைக்கும் கம்பி ஜன்னல் வழியா சாய்வா வெயில், அப்புறம் நாள் முழுக்க நிழல். ஃபெலனாப்சிஸுக்கு அது போதும். பக்கத்துலயே ஈரமணல் மேல குடிதண்ணிப் பானை. அப்புறம் அம்மா காலையிலயும் சாயங்காலமும் தவறாம வாசல் தெளிப்பாங்க. சாட்ஸ்வர்த்ல பாக்ஸ்டன் நடைபாதையில தண்ணி தெளிக்கச் சொன்னார்னு மேல எழுதினேனே, அதை எங்க வீட்டுல யாரும் சொல்லாமலே தினம் ரெண்டு வேளை பண்றாங்க. சாயங்காலம் தெளிக்கிறதுல ஒரு கூடுதல் லாபமும் உண்டு. ஃபெலனாப்சிஸ் பகல்ல இலைத்துளையை மூடிக்கிட்டு ராத்திரிதான் திறந்து கரியமில வாயுவை எடுக்கும், கள்ளி, கத்தாழை மாதிரி. அது மூச்சு விடற நேரத்துல காத்து கொஞ்சம் ஈரமா இருந்தா செடி இழக்கற தண்ணி குறையும்.

தண்ணி விஷயத்துல ஒரு கண்டிப்பு. ஊர்ல போர் தண்ணி உப்பு. ஊத்தின தொட்டி ஓரத்துல வெள்ளையா பூக்கும், வேர் நுனி கருகும். கோவில்பட்டிக் குழாய்ல வர்றது சீவலப்பேரியில இருந்து வர்ற தாமிரபரணித் தண்ணி, அதை மட்டும் ஊத்தச் சொன்னேன். (ட்ரூரியோட செருப்பு ஆர்க்கிட் வளர்ற அதே பொதிகையில இருந்து இறங்கி வர்ற தண்ணி!) மழை பெஞ்சா மழைத்தண்ணி. வேர் வெள்ளியா மாறினப்புறம் தொட்டியை வாளியில பத்து நிமிஷம் முக்கி எடுத்து நல்லா வடிய விடணும். காலையில பண்ணணும். குருத்துல தண்ணி தேங்கினா துணியால ஒத்தி எடுக்கணும், இல்லைன்னா அழுகிரும். சித்திரை வைகாசியில ரெண்டு மூணு நாளைக்கு ஒருதரம், கார்த்திகை மழையில பத்து நாளானாலும் வேண்டாம். கிழமை பாத்து ஊத்தற வேலையே கிடையாது, வேர் நிறம்தான் காலண்டர்.

பூ எல்லாம் கொட்டினப்புறம் லீவுல போயிருந்தப்ப தொட்டி மாத்தினோம். கடையில பாசியை இறுக்கி அடைச்சிருப்பாங்க. வெளிய காய்ஞ்சு கிடக்கும், நடுவுல சகதி. அதை உதறிட்டு, கரித்துண்டும் ஓட்டுச்சில்லும் நறுக்கின தேங்காய் மட்டையும் கலந்து வச்சோம். மட்டையை மூணு நாள் ஊறப்போட்டு சாயத்தண்ணியைக் கொட்டினது அம்மா. பெங்களூர்ல கரி மட்டுமே போதும்பாங்க. எங்க ஊர்க் காத்துக்கு மட்டை இல்லாம ஒரு நாள் தாங்காது.

இப்ப நிலவரம்: இலை கெட்டியா நிக்குது, ஒரு புது இலை, மூணு புது வேர். பூத்தண்டு வரலை. இந்தச் செடி தண்டு விடணும்னா சில வாரம் தொடர்ந்து 28 டிகிரிக்குக் கீழ இருக்கணும். கோவில்பட்டியில அதுக்கு மார்கழி தையை விட்டா வேற மாசம் கிடையாது, அதுலயும் பகல் 30 தொடும். வந்தாலும் வரும், வராட்டியும் செடி மேல குத்தமில்லை. அம்மாவுக்கு அது பெரிய விஷயமாத் தெரியலை. "வேர் விட்டிருக்குய்யா"ன்னு போன்ல சொன்னப்ப அவங்க குரல்ல இருந்த சந்தோஷம், நான் ஆன்சைட் போனப்பக்கூட இல்லை.

அப்புறம் அந்த வாண்டா டெஸ்ஸெல்லாட்டா. கடையில பகட்டா இருக்கிற கலப்பினத்துக்கெல்லாம் முன்னாடி, நம்ம தென்னிந்தியச் சமவெளியிலயும் சிலோன்லயும் மாமரம் அது இதுன்னு மரக்கிளையில தானே வளர்ற செடி. ராக்ஸ்பர்க் சோழமண்டலக் கரைத் தாவரங்கள் புத்தகத்துல 1795-லயே படம் போட்டாச்சு. பழுப்புக் கட்டம் போட்ட இதழ், நீலம் கலந்த உதடு, கிட்டப் போனா வாசனை. வெயிலும் தாங்கும், வறட்சியும் தாங்கும். ஏசியும் வேண்டாம், கண்ணாடி வீடும் வேண்டாம். காட்டுல இருந்து பிடுங்காம, நர்சரியில வளர்த்த கன்னு ஒண்ணு சொல்லி வச்சிருக்கேன். வாசல் வேப்பமரத்துல கிழக்குப் பாத்த கிளையில தேங்காய் நார்க் கயிறு போட்டுக் கட்டறதா ஏற்பாடு. மேல்காத்துல ஆடாத கிளையா ஒண்ணை அம்மா ஏற்கனவே பாத்து வச்சுட்டாங்க.